கூலரை ஒளித்து வைத்த ஞாயிறு

பயந்தவனுக்குப் பேய் தெரிய இருட்டு தேவையில்லை. ட்யூப் லைட் வெளிச்சத்திலேயே தெரியும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துச் சொல்லவில்லை (நான் படித்ததே ஒன்பதாவது வரைக்கும்தான்). எல்லாம் சொந்த அனுபவம். பிள்ளைகளா, "நான் எதுக்கும் பயப்பட மாட்டேன்" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். "நான் எல்லாத்துக்கும் பயப்படுவேன்" என்று ஒருவர் சொன்னால் தாராளமாக நம்பலாம். அந்த ஒருவர் நான்தான்.

எனக்கு நாயைக் கண்டால் பயம். நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வருகிற ஆளைக் கண்டால் அதைவிடப் பயம். மெட்ரோவில் தானாக மூடிக்கொள்ளும் கதவுக்குப் பயம். சிக்னலில் டிராஃபிக் போலீஸ்காரர் சும்மா என் பக்கம் திரும்பினாலே போதும், லைசென்ஸ், ஆர்சி புக், ஆதார் கார்டு எல்லாவற்றையும் நானாகவே எடுத்து நீட்டிவிடுவேன். (ஒருமுறை அவர் மணி என்ன என்று கேட்கத்தான் திரும்பியிருந்தார்.) இப்படிப்பட்டவன் ஒரு தெருவையே கதிகலங்க வைத்த கதைதான் இது.

என் பெயர் ஏழுமலை. சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். டெல்லியில் பூசா ரோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறேன். என் மனைவி செல்வி சரோஜினி நகரில் வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறாள். எங்களுக்கு ஒரே மகள், தேன்மொழி. பெரிய சாக்கடை ஒன்றின் ஓரமாக எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட காலனியில் குடியிருக்கிறோம். அந்தச் சாக்கடையை இங்கே எல்லோரும் நாலா என்பார்கள். காலனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரே சந்துதான். எங்கள் வாசலில் நின்று கையை நீட்டினால் எதிர் வீட்டுக் கல்லில் தோசையைத் திருப்பிப் போடலாம்.

தேனுவுக்கு அப்போது பத்து வயது. டெல்லியிலேயே பிறந்தவள் என்பதால் பேசும்போது பாதி இந்தி கலந்துதான் வரும். "அப்பா, மேரா ரப்பர் எங்க?" என்பாள். பாட ஆரம்பித்தால் மட்டும் ஒவ்வொரு சொல்லும் கழுவித் துடைத்து வைத்த மாதிரி வந்து நிற்கும். எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று தெரியாது. எங்கள் வம்சத்தில் பாடியவர்கள் யாரும் இல்லை, கத்தியவர்கள்தான் உண்டு.

ஒரு தமிழ் டிவியில் குழந்தைகளுக்குப் பாட்டுப் போட்டி வைத்தார்கள். வெளிமாநிலத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்று சொல்லி, கரோல் பாக்கில் ஒரு மண்டபத்தில் தேர்வு நடத்தினார்கள். தேனு தேர்வாகிவிட்டாள்! அடுத்தது சென்னை மேடை. ஆனால் நடுவில் மக்கள் ஓட்டு என்று ஒன்று இருந்தது. பிள்ளையையும் வீட்டையும் ஒரு சின்னப் படமாக எடுத்து டிவியில் காட்டுவார்கள். அதைப் பார்த்து ஜனங்கள் செல்போனில் ஓட்டுப் போட வேண்டும். ஓட்டு குறைந்தால் சென்னை இல்லை. தேனு அன்றைக்கே பையில் துணியை அடுக்கி வைத்துவிட்டாள். சென்னையில் அவளுக்குப் பாடவும் வேண்டும், கடல் பார்க்கவும் வேண்டும். அவள் பார்த்த பெரிய தண்ணீர் நாலாதான்.

அந்த வாரம் டிவி சேனலிலிருந்து கார்த்திக் என்ற தம்பி போன் செய்தார்.

"சார், ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு ஷூட்டிங் வர்றோம். உங்க கஷ்டம் என்ன சார்?"

"கஷ்டம்லாம் ஒண்ணுமில்ல தம்பி. நல்லா இருக்கோம்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"ஒண்ணுமே இல்லையா சார்?" என்றார் கடைசியில். உடம்பில் ரத்தமே இல்லாத நோயாளியிடம் டாக்டர் பேசுவது போல இருந்தது அந்தக் குரல்.

"இல்லீங்களே..."

"சார், அப்படிச் சொல்லாதீங்க. போன வாரம் ஒரு பையனைக் காட்டினோம். அவங்க வீட்டுக்குக் கூரையே இல்ல. ஓட்டு கொட்டுச்சு. அதுக்கு முந்தி ஒரு பொண்ணு, தேவதை மாதிரி பாடும். ஆனா அப்பா பேங்க் மேனேஜர். போச்சு! ஜனங்க காதால கேட்டு ஓட்டுப் போடறதில்ல சார், கண்ணால அழுதுதான் போடறாங்க. நல்லா யோசிங்க. வீட்ல யாருக்காவது உடம்புக்கு ஏதாவது?"

"எனக்குப் பித்தவெடிப்பு இருக்கு தம்பி."

"அது டிவில தெரியாது சார்." பெருமூச்சு விட்டார். "சரி, வேற ஏதாவது யோசிச்சு வைங்க. அப்புறம் இன்னொண்ணு. நாங்க வர்றது தெருவுல யாருக்கும் தெரியக் கூடாது. கூட்டம் சேர்ந்தா ஷூட்டிங் கெட்டுடும். பாப்பாகிட்டயும் சொல்லாதீங்க. திடீர்னு வந்து நிப்போம். அவ முகத்துல அந்த ஷாக் வேணும்."

(அவர் கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.)

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டு விழாவிட்டால்? அடுக்கி வைத்த பையிலிருந்து பிள்ளை துணியைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தால்? அதை நான் நின்று பார்க்க வேண்டுமே! வேன் ஓட்டும்போதும் இதே நினைப்பு. பிள்ளைகளை இறக்கிவிட மறந்து ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டு, அவர்கள் போட்ட கூச்சலில்தான் திரும்பி வந்தேன்.

செல்வியிடம் கேட்டேன். "ஏ செல்வி, நமக்கு என்ன கஷ்டம்?"

"எதுக்குக் கேக்கற?"

"டிவிக்காரங்களுக்குச் சொல்லணும்."

"தண்ணி லாரி வரவே மாட்டேங்குது. அதச் சொல்லு."

"அது எல்லாருக்குந்தான வரல."

"மழ பெஞ்சா நாலாத் தண்ணி வீட்டுக்குள்ள வருது."

"அதுவும் எல்லாருக்குந்தான வருது."

"அப்ப நமக்குன்னு தனியா ஒண்ணுமில்ல. போய் வேலையப் பாருய்யா."

அவள் சொன்னதும் சரிதான் என்று எனக்குப் பட்டது. எல்லோருக்கும் இருப்பது எப்படிக் கஷ்டமாகும்? நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பயம் இன்னும் கூடியது. கூலர் இருந்தது. டிவி இருந்தது. மிக்ஸி இருந்தது. செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஃப்ரிட்ஜ் இருந்தது. கூரை இல்லாத அந்தப் பையன் வீட்டில் இதில் ஒன்றுகூட இல்லை. இந்த வீட்டைக் காட்டினால் யார் கண்ணில் தண்ணீர் வரும்? பேங்க் மேனேஜர் வீடு மாதிரி ஜொலிக்கிறதே!

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என் மண்டைக்கு எப்போதாவதுதான் வரும். வந்தால் வழி தெரியாமல் சுற்றும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. செல்வி வேலைக்குப் போய்விட்டாள், மத்தியானம்தான் வருவாள். தேனு, சந்தின் கடைசியில் இருக்கும் பாக்கியம் அக்கா வீட்டில் டிவி பார்க்கப் போய்விட்டாள். (பாக்கியம் அக்காவுக்குக் கட்டட வேலை. அவர் பேசினால் நாலாவுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.) பள்ளிக்கூட வேன் சந்து முனையில் நின்றிருந்தது. யாருக்கும் தெரியக் கூடாதே! தலையில் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டேன். கூலரைப் போர்வையால் மூடினேன். நாலா ஓரமாகக் குனிந்து குனிந்து தூக்கிக்கொண்டு போய் வேனுக்குள் வைத்தேன். பிறகு டிவி. பிறகு மிக்ஸி. பிறகு தேனுவின் சைக்கிள். நாயைக் கண்டால் பின்னால் போய், ஆளைக் கண்டால் சுவரோடு ஒட்டி, எப்படியோ முடித்தேன். ஃப்ரிட்ஜ் மட்டும் அசையவில்லை. அதை ஸ்விட்ச் ஆஃப் செய்து, பெட்டிக்குள் அடியில் கிடந்த பழைய சேலை ஒன்றை எடுத்து அதன்மேல் போர்த்தினேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அது மட்டும் அன்று எனக்கு நினைவுக்கு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நாலாவுக்கு அந்தப் பக்கமும் எங்களைப் போலவே ஒரு வரிசை வீடுகள் இருந்தன. தேனு யூகேஜி படிக்கும்போது ஒரு நாள் புல்டோசர் வந்து அதை இடித்துவிட்டார்கள். தேனுவின் பக்கத்தில் உட்கார்ந்து படித்த பெண்ணின் வீடும் அதில் போய்விட்டது. அந்தப் பெண் பிறகு வகுப்புக்கே வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் சந்தில் புல்டோசர் என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "மஞ்ச வண்டி" என்பார்கள். அடுத்தது நம் பக்கம்தான் என்று எல்லோருக்கும் ஒரு பயம் எப்போதும் உண்டு. அப்படிப்பட்ட சந்தில், காலை வேளையில் ஒருவன் அவசர அவசரமாகச் சாமானைப் போர்த்திக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினால், பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

நான் அதை யோசிக்கவில்லை. காலியான அறையில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியைப் பார்த்துச் சோகமாக முகத்தை வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். மே மாதம். கூலர் இல்லாத தகரக் கூரை வீடு. முகத்தில் வழிந்த வேர்வை கண்ணீர் மாதிரியே இருந்தது. பரவாயில்லை, நன்றாகத்தான் வருகிறது என்று நினைத்தேன்.

அப்போது வெளியே சத்தம் கேட்டது. முதலில் ஏதோ ஒன்று டமால் என்று விழுந்தது. பிறகு ஒரு குழந்தை அழுதது. பிறகு பாக்கியம் அக்காவின் குரல், "ஜல்தி! ஜல்தி! மொதல்ல சிலிண்டரத் தூக்கு!"

எட்டிப் பார்த்தேன். சந்து முழுக்கச் சாமான். கட்டில், டிரங்குப் பெட்டி, தண்ணீர் டிரம், சாமி படம், பாதி வெந்த சோற்றுப் பானை. நாலு வீடு தள்ளியிருக்கும் கோவிந்தன் தன் வீட்டுக் கதவையே கழற்றி முதுகில் சுமந்துகொண்டு நின்றான். (புதுக் கதவு. "செவுத்த இடிச்சுக்கட்டும், கதவு என்னுது" என்றான்.)

"அக்கா, என்னாச்சு?"

"என்னாச்சாவா? மஞ்ச வண்டி வருதுடா ஏழுமல!"

பிள்ளைகளா, நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். எனக்கு அப்போது காது அடைத்துவிட்டது. காலையில் நான் செய்த காரியம் ஒன்றும் நினைவில் இல்லை. நம் வீடு போகப் போகிறது, பிள்ளை எங்கே, செல்விக்கு எப்படித் தகவல் சொல்வது, இந்த மூன்றுதான் மண்டைக்குள் சுற்றியது. எல்லோரோடும் சேர்ந்து நானும் நம்பிவிட்டேன்!

"யாருக்கா சொன்னது?"

"சொல்லணுமா? எவனோ ஒரு படுபாவி காலைலயே சாமான வண்டில ஏத்திட்டானாம். தலையில துண்டப் போட்டுக்கினு, போர்வையப் போத்திக்கினு, திருடன் மாதிரி. கோவிந்தன் பொண்டாட்டி பாத்திருக்கா. மொகமும் தெரியல, எந்த வண்டின்னும் தெரியல. அவனுக்கு மட்டும் முன்னாடியே தகவல் வந்திருக்கு. நமக்கு ஒரு வார்த்த சொன்னானா பாரு!"

எனக்கு ரத்தம் கொதித்தது. "மனுசனாக்கா அவன்? ஒண்ணாப் பழகிட்டு, தான் மட்டும் தப்பிச்சாப் போதும்னு நெனச்சிருக்கானே! அவன் நல்லா இருப்பானா?" என்று கத்தினேன். கத்தியதோடு நிற்காமல், தலையில் இருந்த துண்டை எடுத்துக் கோபமாக ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

உள்ளே ஓடினேன். காலையில் அசையாத ஃப்ரிட்ஜை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்தேன். பயத்துக்கு அவ்வளவு பலம் உண்டு. சேலை போர்த்திய ஃப்ரிட்ஜ், தலை குனிந்த கல்யாணப் பெண் மாதிரி சந்து நடுவில் வந்து நின்றது. உள்ளே உருகிய ஐஸ் தண்ணீர் அதன் காலடியில் ஒழுகியது. மற்ற சாமான்களைத் தேடினேன். காணோம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "ஐயோ, அதுக்குள்ள திருடிட்டாங்களே!" என்றுதான் அலறினேன்.

அந்த நேரத்தில் சந்து முனையில் ஒரு ஆள் வந்து நின்றான். தொப்பி போட்டிருந்தான். மூன்று கால் உள்ள ஒரு கருவியை வெயிலில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எங்கள் சந்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். பிறகு யாருக்கோ கையைக் காட்டி, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று சைகை செய்தான். இடிப்பதற்கு முன்னால் சர்வே எடுக்க வருகிறவர்களும் இப்படித்தான் நிற்பார்கள். ஒருவரும் கிட்டப் போகவில்லை.

பாக்கியம் அக்கா மட்டும் நேராக அவனிடம் போனார். "பையா, க்யா கர் ரஹே ஹோ?"

என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, அவன் கண்ணை எடுக்காமல் பதில் சொன்னான். "ஊப்பர் ஸே ஆர்டர் ஹை."

மேலிடத்து உத்தரவு! முடிந்தது. கோவிந்தன் கதவோடு கீழே உட்கார்ந்தான். பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். பாக்கியம் அக்கா அந்த மூன்று கால் கருவியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, "என்ன இடிச்சுட்டு அப்பறம் வீட்ட இடிங்கடா!" என்று தமிழிலேயே கத்தினார். அந்த டெல்லிக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அரே ஆன்ட்டி, சோடியே! கேமரா கிர் ஜாயேகா!" என்று, விடுங்கள், கேமரா விழுந்துவிடும் என்று கெஞ்சினான்.

கேமரா!

அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்தான். கழுத்தில் அடையாள அட்டை. "ஏழுமலை சார் நீங்கதானே? நான் கார்த்திக்."

உள்ளங்காலிலிருந்து ஒரு குளிர் ஏறி உச்சந்தலைக்குப் போனது. மே மாதத்தில், கூலர் இல்லாமல், டெல்லியில் குளிர்ந்துபோன ஒரே ஆள் நான்தான். துண்டு, போர்வை, வேன், திருடன் மாதிரி ஒருவன். எல்லாம் வரிசையாக வந்து கண் முன்னால் நின்றது. நான் நல்லா இருக்கக் கூடாது என்று நானே சபித்ததும் வந்து நின்றது.

கார்த்திக் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். அவர் கண் பளபளத்தது. "என்ன சார் இது, வீட்டையெல்லாம் இடிக்கப் போறாங்களா? இதைத்தானே சார் நான் அன்னைக்கே கேட்டேன்! கஷ்டமே இல்லன்னீங்களே!"

"அது வந்து தம்பி..." என்று இழுத்தேன்.

"ஒண்ணும் பேசாதீங்க சார். நீங்க இப்படியே நில்லுங்க, முகம் பிரமாதமா இருக்கு. இதை மட்டும் போட்டோம்னா பாப்பா சென்னை என்ன, ஃபைனலுக்கே போயிடுவா. பாப்பா எங்க?"

சொல்லலாமா? சொன்னால் இந்தச் சந்து என்னை உயிரோடு விடாது. சொல்லாமல் இருந்தால்? பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும், ஓட்டு கொட்டும், பிள்ளை கடல் பார்ப்பாள். உண்மையைச் சொல்கிறேன் பிள்ளைகளா, நான் பேசாமல்தான் நின்றேன். இரண்டு பக்கமும் பயம் என்றால் என்னைப் போன்றவன் நடுவில் மரமாக நின்றுவிடுவான்.

தேனு வந்தாள். வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். எப்போது உள்ளே போனாளோ தெரியாது. இரண்டு கையாலும் குக்கரை அணைத்துப் பிடித்திருந்தாள். காலையில் செல்வி சாம்பார் வைத்துவிட்டுப் போன குக்கர். காலி வீட்டில் மிச்சம் இருந்தது அதுதான் போலிருக்கிறது.

கார்த்திக் அவளைச் சாமான்களுக்கு நடுவில் நிறுத்தினார். கேமரா அவள் பக்கம் திரும்பியது. "பாப்பா, பயப்படாத. ரெண்டே வரி பாடு. அழுகை வந்தா அடக்க வேணாம், அழுதுட்டே பாடு."

தேனு வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தாள். காற்றுதான் வந்தது. எந்த நேரமும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருக்கும் பிள்ளை. தூங்கும்போதுகூட ராகம் இழுப்பாள். அவள் தொண்டை அடைத்துப்போய் நின்றது. கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அப்பா... நம்ம கர் தோட்ருவாங்களா? வீட்ட இடிச்சுருவாங்களா? நானும் இனிமே ஸ்கூல் போக முடியாதா?"

நாலாவுக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணை அவள் மறக்கவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் வீரமாகப் பேசினேன் என்று நினைக்காதீர்கள். பிடித்துக்கொள்ள ஃப்ரிட்ஜ்தான் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு, கோழியை அமுக்கினால் வருகிற மாதிரி ஒரு குரலில் கத்தினேன்.

"வரல! மஞ்ச வண்டி வரல! டிவிக்காரங்கதான் வந்திருக்காங்க! அந்தப் படுபாவி நான்தான்!"

பாக்கியம் அக்கா கேமராவின் காலை விட்டுவிட்டு மெதுவாக என் பக்கம் வந்தார்.

"என்னடா சொன்ன?"

"நான்தான்க்கா வேன்ல ஏத்துனேன். கூலரு, டிவி எல்லாம். வீடு கஷ்டமாத் தெரிஞ்சாத்தான் தேனுவுக்கு ஓட்டு விழும்னாங்க. நாம ஏழையாத் தெரியணும்னு..."

பாக்கியம் அக்கா திரும்பிச் சந்தைப் பார்த்தார். தகரக் கூரையைப் பார்த்தார். அதன்மேல் கட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக்கைப் பார்த்தார். தலைக்கு மேல் தொங்கும் ஒயர்களைப் பார்த்தார். நாலாவைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஏன்டா ஏழுமல, கூலர எடுத்தாத்தான் நாம ஏழையாத் தெரிவோமா? அது இருந்தா ராஷ்டிரபதி பவன்னு நெனச்சுக்குவாங்களா?"

முதலில் சிரித்தது கோவிந்தன்தான். கதவுக்கு அடியிலிருந்து சிரித்தான். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சிரித்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். ஓர் அம்மா டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ரொம்ப நேரம் குலுங்கினார். அது சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் பயம்.

அந்த நேரம் பார்த்துத்தான் செல்வி வேலை முடிந்து வந்தாள். சந்து முழுக்கச் சாமான், நடுவில் ஃப்ரிட்ஜ், ஃப்ரிட்ஜைக் கட்டிக்கொண்டு நான். அவள் வேறு எதையும் கேட்கவில்லை.

"யோவ், அது என் கல்யாணப் பொடவைய்யா!"

(பிள்ளைகளா, மஞ்ச வண்டிகூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்ததில்லை.)

கார்த்திக்தான் பாவம், தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "கெடுத்துட்டீங்களே சார்" என்றார். எதையாவது எடுத்துக்கொண்டு போக வேண்டுமே என்று, கவிழ்த்துப் போட்ட டிரம்மில் தேனுவை உட்கார வைத்துக் கேட்டார்.

"சரி பாப்பா, நீயே சொல்லு. உன் வாழ்க்கையில என்ன கஷ்டம்?"

தேனு மூக்கை உறிஞ்சினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"எங்க அப்பா."

"அப்பாவுக்கு என்னம்மா? உடம்பு சரியில்லையா?"

"அப்பாக்கு ஒண்ணுமில்ல அங்கிள். அப்பாதான் கஷ்டம்."

சந்தே விழுந்து விழுந்து சிரித்தது. செல்விகூடச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் தேனுவுக்கும் சிரிப்பு வந்து, சிரிப்போடு தொண்டையும் திறந்துகொண்டது. மடியில் குக்கரை வைத்துக்கொண்டே பாடினாள். நடுவில் குக்கர் மூடியில் தாளமும் போட்டாள்.

அதைத்தான் டிவியில் காட்டினார்கள். ஓட்டு கொட்டவில்லை, தூறியது. எங்கள் சந்துக்காரர்கள் என்னைத் திட்டிக்கொண்டே ஆளாளுக்கு ஓட்டுப் போட்டார்கள். சென்னைக்குப் போகும் அளவுக்கு அது போதுமாக இருந்தது. தேனு கடலைப் பார்த்தாள். இரண்டு சுற்றுப் பாடினாள். அடுத்த சுற்றில் வேறு ஒரு பெண் அவளைவிட நன்றாகப் பாடியதால் வெளியே வந்தாள். நான் காதால் கேட்டுச் சொல்கிறேன், அந்தப் பெண் நிஜமாகவே நன்றாகப் பாடினாள்.

கூரை இல்லாத அந்தப் பையனும் அங்கே இருந்தான். தேனுவுக்குச் சிநேகிதனாகிவிட்டான். அவன் அவளிடம் சொன்னானாம்: "எல்லாரும் எங்க வீட்டுக் கூரையப் பத்தித்தான் கேக்கறாங்க. பாட்டுல எந்த எடத்துல சுருதி தப்புச்சுன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க." இதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவனுக்கு இருந்த கஷ்டம் உண்மை. நான் வேனில் ஒளித்து வைத்த கூலரும் அவன் வீட்டுக் கூரையும் ஒன்றா?

அன்று மத்தியானம் முழுக்க, சந்தில் உள்ள அத்தனை வீட்டுச் சாமானையும் நான்தான் உள்ளே தூக்கி வைத்தேன். பாக்கியம் அக்கா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "பாத்து, பாத்து, கட்டில் கால இடிக்காத" என்று மேற்பார்வை பார்த்தார். கோவிந்தன் வீட்டுக் கதவையும் நான்தான் மாட்டினேன். அது இன்றைக்கும் தூக்கிப் பிடித்தால்தான் மூடும். செல்வி அந்தப் புடவையைக் காயப்போட்டாள், மடித்தாள், பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவி இருக்கும் இடத்தை எனக்குச் சொல்லவில்லை.

தேனு இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். சாயங்காலம் டியூஷன் முடிந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் எனக்குக் கை கால் ஓடாது, உடனே போன் போட்டுவிடுவேன். அவள் செல்போனில் என் பெயரை "கஷ்டம்" என்றுதான் பதிந்து வைத்திருக்கிறாள். போன வாரம் அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று தெரியாமல் சந்து முனையிலிருந்து கூப்பிட்டேன். வாசலுக்கு வரும்போது உள்ளே பேச்சுக் கேட்டது.

"யாருடி போன்ல?"

"கஷ்டம் கூப்பிடுதும்மா."

"எடுத்துப் பேசிடுடி. இல்லன்னா நேராவே வந்து நிக்கும்."